இணையத்தில் ரோல்பிளேயிங் கேம்: புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

பகடை உருட்டி ஆடும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்களையும், முழுக்க எழுத்திலேயே நடக்கும் கேம்களையும் முகம் தெரியாதவர்களோடு ஆட வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. விதிகளைவிடக் குழுவைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன். காரணம் இருக்கிறது. விதி புரியாமல் நின்றுபோகும் ஆட்டங்கள் குறைவு. யாரும் பதில் போடாமல் நின்றுபோகும் ஆட்டங்கள்தான் எங்கும்.

இதில் என்னதான் செய்வீர்கள்? பலகை இல்லை, காய் இல்லை, ஜெயிப்பதும் இல்லை என்கிறார்களே?

ஒருவர் கேம் மாஸ்டர். உலகத்தையும் அதில் வரும் மற்ற எல்லா மனிதர்களையும் மிருகங்களையும் அவர் பார்த்துக்கொள்வார். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு கேரக்டர். நடைமுறையில் இப்படி இருக்கும்:

கேம் மாஸ்டர்: சுரங்கத்தின் கடைசிக் கதவு. இரும்பு. பூட்டைச் சுற்றிப் புதுக் கீறல்கள். உள்ளே யாரோ இருமுகிறார்கள். என்ன செய்கிறீர்கள்?

முதல் ஆட்டக்காரர்: கதவைத் தட்டுகிறேன்.

இரண்டாமவர்: ஐயோ, தட்டாதே! அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, சத்தம் வராமல் பூட்டைத் திறக்கப் பார்க்கிறேன்.

கேம் மாஸ்டர்: அவர் நிற்கிறாரா? (முதல் ஆட்டக்காரர் "சரி, நிற்கிறேன்" என்கிறார்.) பகடை போடுங்கள். 15 வேண்டும்.

இரண்டாமவர்: டி20-இல், அதாவது இருபதுமுகப் பகடையில், 8. கைத்திறனுக்கு 5 சேர்த்தால் 13.

கேம் மாஸ்டர்: ஊசி உள்ளேயே உடைந்துவிட்டது. இருமல் நின்றுவிட்டது.

இவ்வளவுதான். வீடியோ கேமில் எழுதி வைத்த வழிகளில் மட்டுமே போக முடியும். இங்கே கதவைத் தட்டலாம், உடைக்கலாம், உட்கார்ந்து பாட்டுப் பாடலாம். எதைச் செய்தாலும் அதற்கு ஒருவர் பதில் சொல்வார். அந்தப் பதில் எப்படி இருக்கும் என்பது அவருக்கே முழுதாகத் தெரியாது, பகடை குறுக்கே வரும்.

இது எப்போது தொடங்கியது?

இரண்டு ஊற்றுகள். முதலாவது 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். படைகளை நகர்த்தும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது அது. படைக்குப் பதில் ஒருவருக்கு ஒரே ஒரு ஆள் என்று மாற்றியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

இரண்டாவது, கணினித் திரையில் வெறும் எழுத்து. வில் கிரௌதர் 1976 வாக்கில் ஒரு குகையைச் சுற்றிவரும் எழுத்து விளையாட்டை எழுதினார். அது தனி ஆள் ஆடுவது. 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் ட்ரப்ஷா பலர் சேர்ந்து ஆடும் ஒன்றைத் தொடங்க, ரிச்சர்ட் பார்ட்டில் அதைத் தொடர்ந்து வளர்த்தார். பெயர் மட் (மல்டி யூசர் டன்ஜன்). இன்றைய பெரிய ஆன்லைன் கேம்களுக்கெல்லாம் அதுதான் மூதாதை. 1990-இல் பாவெல் கர்ட்டிஸ் லாம்டாமூ என்ற இன்னொரு எழுத்து உலகத்தைத் திறந்தார். அதில் அரக்கனைக் கொல்வது முக்கியமில்லை. அறை கட்டுவதும், பொருள் செய்வதும், உட்கார்ந்து பேசுவதும்தான்.

இன்றைக்கு டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் நடக்கும் ஆட்டத்தில் இரண்டு ஊற்றுகளும் கலந்து கிடக்கின்றன.

இணையத்தில் எத்தனை விதமாக ஆடலாம்?

முதலில், குரலில் பேசி ஆடுவது. வாரம் ஒரு நாள், மூன்று நான்கு மணி நேரம். வரைபடத்துக்கும் காய்களுக்கும் ரோல்20, ஃபவுண்ட்ரி, அவுல்பேர் ரோடியோ போன்ற ஏதாவது ஒரு மெய்நிகர் மேசை. நேரில் ஆடுவதற்கு மிக அருகில் வருவது இதுதான்.

அடுத்து, ஒரே நேரத்தில் எல்லோரும் ஆன்லைனில் இருந்து தட்டச்சு செய்து ஆடுவது. குரலைவிட இரண்டு மூன்று மடங்கு மெதுவாகப் போகும். ஆனால் பேசக் கூச்சப்படுபவர்கள் இதில் பிரமாதமாக ஆடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பிளே பை போஸ்ட். அவரவர் வசதிப்படி நாளைக்கு ஒரு பதிவு, இரண்டு பதிவு. மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் போகும். வேலை, குழந்தை, ஷிஃப்ட் என்று இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

மட், அதன் வழியில் வந்த மஷ், மூ வகைகள் தனி. அங்கே உலகம் எப்போதும் திறந்திருக்கும். நீங்கள் இல்லாத நேரத்திலும் மற்றவர்கள் நடமாடிக்கொண்டிருப்பார்கள். கடைசியாக, பகடையே இல்லாமல் சேர்ந்து கதை எழுதும் ஃப்ரீஃபார்ம். விதி இல்லை என்பதால் சுலபம் என்று நினைக்க வேண்டாம். எல்லாவற்றையும் பேசித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும், அது பகடையைவிடக் கஷ்டம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் ஆட வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆள் சேர்ப்பது அதற்குச் சுலபம், அவ்வளவுதான். உங்களுக்கு எப்படிப்பட்ட கதை வேண்டும் என்பதைப் பொறுத்தது.

அதில் ஒரு டி20 உருட்டிக் கூட்டுவீர்கள். 15 வேண்டும், கூடுதல் 5 என்றால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் வர வேண்டும்; வாய்ப்பு 55 சதவீதம். சூழ்நிலை சாதகமாக இருந்து இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளச் சொன்னால் அது கிட்டத்தட்ட 80-க்கு ஏறிவிடும். பதில் ஆம் அல்லது இல்லை. சண்டைக்கு இது நன்றாக வேலை செய்யும்.

1981-இல் வந்த கால் ஆஃப் கத்துலு வேறு மாதிரி. நூறு முகப் பகடையில் உங்கள் திறமை எண்ணோ அதற்குக் குறைவானதோ வர வேண்டும். கேரக்டர்கள் சாதாரண மனிதர்கள். பார்க்கக் கூடாததைப் பார்த்து மனம் உடைவதற்கும் அதில் ஒரு எண் உண்டு. துப்பறிய ஆசை இருந்தால் இதைப் பாருங்கள்.

எழுத்தில் ஆட எனக்குப் பிடித்தது அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற 2010-ஆம் ஆண்டு கேமும் அதன் வழியில் வந்தவையும். இரண்டு ஆறுமுகப் பகடை. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை வந்தால் நடக்கும், ஆனால் ஏதோ ஒரு விலை கொடுக்க வேண்டும். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் சிக்கல். கூடுதல் எதுவும் இல்லாதபோது, 36 சேர்க்கைகளில் 6 முழு வெற்றி, 15 பாதி வெற்றி, 15 சிக்கல். "பூட்டு திறந்தது, ஊசி போச்சு", "தப்பித்தாய், ஆனால் உன் முகத்தைப் பார்த்துவிட்டான்" என்று ஒவ்வொரு உருட்டலும் அடுத்த பதிவுக்கு எதையாவது தூக்கிக் கொடுக்கும். எழுத்து ஆட்டத்தில் "தவறிவிட்டது, அடுத்தவர்" என்பதைப்போல உயிரை வாங்குவது வேறு எதுவும் இல்லை.

எவ்வளவு செலவாகும்?

ஒன்றுமே இல்லாமல் தொடங்கலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டன. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அயர்ன்ஸ்வோர்ன் என்ற கேமின் முழுப் புத்தகமே பிடிஎஃப்பாக இலவசம். பல கேம்களுக்கு அறிமுக விதிப்புத்தகம் தனியாக இலவசமாக உண்டு. ரோல்20-இல் சும்மா கணக்குத் திறந்தால் போதும். ஃபவுண்ட்ரிக்கு ஒருமுறை பணம் கட்ட வேண்டும், அதுவும் நடத்துபவர் மட்டும். ஆட்டக்காரர்கள் பிரவுசரில் வந்துவிடுவார்கள்.

புத்தகம் வாங்குவதாக இருந்தால் முதல் நான்கைந்து செஷன் முடிந்த பிறகு வாங்குங்கள். அலமாரியில் தூங்கும் விதிப்புத்தகங்கள் ஏற்கெனவே நிறைய.

ஆன்லைனில் பகடையை யார் உருட்டுவது? ஏமாற்ற மாட்டார்களா?

டிஸ்கார்டில் பகடை உருட்டும் பாட், அதாவது தானாக இயங்கும் நிரல், இருக்கும். கட்டளை கொடுத்தால் எல்லோர் கண்முன்னும் எண் வரும், பதிவாகவும் இருக்கும். சில குழுக்களில் வீட்டில் நிஜப் பகடை உருட்டி எண்ணைச் சொல்லலாம், நம்பிக்கைதான். ஏமாற்றிப் பெரிய எண் சொல்பவருக்குக் கிடைக்கப்போவது என்ன பரிசா? விட்டுவிடுங்கள்.

நல்ல குழுவை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆள் தேவை அறிவிப்பை நிதானமாகப் படியுங்கள். எந்த கேம், எந்த நேரம், எத்தனை பேர், எவ்வளவு நாள் ஓடும், எப்படிப்பட்ட கதை என்று ஐந்தும் இருந்தால் நடத்துபவருக்குத் தெளிவு இருக்கிறது. "பிரம்மாண்டமான உலகம், எல்லாம் அனுமதி, வாருங்கள்" என்று மட்டும் இருந்தால் இரண்டாவது வாரமே அடங்கிவிட வாய்ப்பு அதிகம். உலக வரலாறு மட்டும் இருபது பக்கம் இருந்தாலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். அவர் நாவல் எழுத வந்திருக்கிறார், உங்களை வாசகராகக் கூப்பிடுகிறார்.

சேருவதற்கு முன் அந்தக் குழுவின் பழைய ஆட்டம் ஏதாவது திறந்திருந்தால் படியுங்கள். பதிவுகளுக்கு நடுவே எத்தனை நாள் இடைவெளி? ஒருவர் சொன்னதை அடுத்தவர் எடுத்துக்கொண்டாரா, அல்லது அவரவர் பாட்டுக்கு எழுதுகிறார்களா? அரை மணி நேர வாசிப்பில் எல்லாம் தெரிந்துவிடும்.

விண்ணப்பம் கேட்டால் சுருக்கமாக எழுதுங்கள். கேரக்டரின் தாத்தா காலத்துக் கதை வேண்டாம். அவனுக்கு இப்போது என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறான், குழுவில் இருக்க அவனுக்கு என்ன காரணம். இந்த மூன்றும் போதும். கடைசியாகச் சொன்னதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். யாரோடும் பேசாத, யாரையும் நம்பாத, மூலையில் நிழலில் உட்கார்ந்திருக்கும் தனி ஓநாய் கேரக்டரோடு வருவார்கள். நாலு பேர் சேர்ந்து ஆட வந்த இடத்தில் அவரை எல்லோரும் போய்க் கெஞ்ச வேண்டும்.

முதல் ஆட்டத்துக்கு ஒன்ஷாட் தேடுங்கள். ஒரே உட்காரலில் முடிவது. பிடிக்கவில்லை என்றால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

எழுத்து ஆட்டத்தில் நல்ல பதிவு என்றால் எப்படி இருக்க வேண்டும்? எனக்கு அவ்வளவாக எழுத வராது.

நன்றாக எழுத வேண்டும் என்ற பயம்தான் முதல் எதிரி. இலக்கியம் யாரும் கேட்கவில்லை. அடுத்து எழுதப்போகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

உடைந்த பாலம், மழை, எதிரே விளக்கோடு ஒரு காவலன். இதற்கு ஒருவர் எழுதுகிறார்: "மாறன் கவனமாகப் பார்க்கிறான்." தப்பில்லை, ஆனால் கேம் மாஸ்டருக்கும் தோழர்களுக்கும் இதில் செய்ய எதுவும் இல்லை.

இன்னொருவர் நான்கு பத்தி எழுதுகிறார். மழை மாறனுக்கு அவன் அம்மாவை நினைவூட்டுகிறது, அவள் இறந்த இரவு, பழிவாங்கும் சபதம், கண்ணீரும் மழையும் ஒன்றாவது. படிக்க நன்றாகக்கூட இருக்கலாம். ஆனால் எல்லாம் மாறனின் மண்டைக்குள் நடக்கிறது. பாலத்தில் நிற்கும் மற்ற மூன்று பேருக்கு அது எதுவும் தெரியாது, தெரியாததற்கு அவர்கள் எப்படிப் பதில் சொல்வார்கள்?

மூன்றாமவர்: "மாறன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு காவலனைப் பார்த்துக் கையை ஆட்டுகிறான். 'ஐயா, மருந்து கொண்டுபோகிறோம், பாலம் தாங்குமா?' கேட்டுக்கொண்டே இடது கையால் முதுகுக்குப் பின்னால் தோழி வேலியிடம் காட்டுகிறான்: கயிறு. காவலன் நம்பவில்லை என்றால் மாறன் பணப்பையைத் தொடுவான்."

இதில் காவலனுக்குப் பதில் சொல்ல ஒரு கேள்வி இருக்கிறது. வேலி என்ற தோழிக்கு ஒரு வேலை இருக்கிறது. நம்பாவிட்டால் என்ன என்பதும் சொல்லியாகிவிட்டது, அதனால் கேம் மாஸ்டர் அதைக் கேட்க இன்னொரு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த "இல்லை என்றால்" வாக்கியம் ஒன்று போதும், ஒரு வாரம் மிச்சமாகும்.

கூடவே, மற்றவரின் கேரக்டரை நீங்கள் அசைக்கக் கூடாது. "வேலி தலையாட்டிவிட்டுக் கயிற்றை வீசுகிறாள்" என்று எழுதும் உரிமை வேலியை ஆடுபவருக்கு மட்டும்தான். முயற்சி உங்களுடையது, விளைவு மற்றவருடையது.

நீளம்? ஐந்தாறு வரி. உணர்ச்சிகரமான காட்சியில் கூடப் போகலாம். டிஸ்கார்டில் இலவசக் கணக்குக்கு ஒரு செய்தி 2000 குறியீடு வரைதான். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனிக் குறியீடாகக் கணக்காகும் என்பதால் நினைத்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

தமிழில் ஆடலாமா?

தாராளமாக. டிஸ்கார்டிலும் மெய்நிகர் மேசைகளிலும் தமிழ் எழுத்து சிக்கலில்லாமல் வரும். பழைய மட் சர்வர்கள் பலவற்றில் வராது, அவை ஆங்கில எழுத்தை மட்டுமே மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. புதிதாகக் கட்டுவதாக இருந்தால் பைதானில் எழுதப்பட்ட எவென்னியா யூனிகோடை ஏற்கும்.

விதிச்சொற்களை மொழிபெயர்க்க மெனக்கெட வேண்டாம். "இனிஷியேட்டிவ் போடு" (சண்டையில் யார் முதலில் என்று தீர்மானிக்கும் உருட்டல்) என்றால் எல்லோருக்கும் புரியும். உழைக்க வேண்டிய இடம் உரையாடல். காவலன் உங்களை நீ என்கிறானா நீங்கள் என்கிறானா, மந்திரவாதி சீடனை "வாடா" என்கிறாரா "வாருங்கள்" என்கிறாரா, மூன்றாவது செஷனில் திடீரென்று "நீங்கள்" "நீ" ஆனால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். வர்ணனை இல்லாமலே உறவு தெரிந்துவிடும். இந்த வசதியைப் பயன்படுத்தாமல் எல்லாக் கேரக்டரையும் செய்தி வாசிப்பவர் மாதிரி பேசவைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

சண்டை வந்தால் பிளே பை போஸ்ட்டில் மாதக்கணக்கில் இழுக்கிறதே?

வரிசை பார்த்தால் இழுக்கத்தான் செய்யும். நான்கு ஆட்டக்காரர்கள், நாளைக்கு ஒருவர், பிறகு எதிரிகள் என்றால் ஒரு சுற்றுக்கு ஐந்து நாள். நான்கு சுற்றுக்கு இருபது நாள். கதையில் அது அரை நிமிடம்கூட இல்லை.

ஆகவே வரிசையைத் தளர்த்துங்கள். ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே கட்டம். யார் முதலில் வருகிறாரோ அவர் முதலில் எழுதலாம். எல்லோரும் எழுதியதும், அல்லது 24 மணி நேரம் ஆனதும், கேம் மாஸ்டர் எதிரிகள் அனைவரையும் ஒரே பதிவில் நகர்த்திவிடுவார். எதிரியைத் தாக்க எந்த எண் வேண்டும் என்பதையும் முன்பே சொல்லிவிட்டால், பட்டதா இல்லையா என்று ஆட்டக்காரரே எழுதிவிடலாம். முடிவு தெரிந்துவிட்ட சண்டையை "மிச்ச இரண்டு பேர் ஓடிவிட்டார்கள்" என்று ஒரே வரியில் முடிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆள் வேறு வேறு நாட்டில் இருந்தால் நேரம் எப்படிப் பொருத்துவது?

எல்லாவற்றையும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் பேசுங்கள். டிஸ்கார்டில் நேரக்குறி என்று ஒன்று உண்டு. போட்டால் ஒவ்வொருவருக்கும் அவரவர் உள்ளூர் நேரமாகத் தெரியும். சில நாடுகளில் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வாரம் பாதிப் பேர் ஒரு மணி நேரம் முன்னே பின்னே வருவார்கள், முதல் நாளே ஞாபகப்படுத்திவிடுங்கள்.

ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனால்?

போவார்கள். கட்டாயம் போவார்கள். அதற்கு ஏற்பாடு செய்யாமல் தொடங்குவதுதான் பிசகு.

ஆரம்பத்திலேயே மூன்று விஷயம் பேசி எழுதி வையுங்கள். எத்தனை நாளுக்கு ஒரு பதிவு, வர முடியாவிட்டால் எங்கே சொல்ல வேண்டும், எத்தனை நாள் சத்தமே இல்லாவிட்டால் கேரக்டரை கேம் மாஸ்டர் ஓட்டலாம். மூன்று நாள் தாண்டினால் கேரக்டர் பின்னால் நடந்து வருவான், இரண்டு வாரம் தாண்டினால் கதையிலிருந்து கௌரவமாக விலக்கப்படுவான். கொல்லாதீர்கள். திரும்பி வருபவர் தன் கேரக்டரை ஓநாய் தின்றுவிட்டதைப் படித்தால் மறுபடி போய்விடுவார்.

"இந்த வாரம் முடியாது" என்ற மூன்று வார்த்தைக்கு இருக்கும் மதிப்பு பலருக்குப் புரிவதில்லை. நாலு பேர் கைகட்டிக் காத்திருக்கிறார்கள். சொல்லிவிட்டால் உங்களைத் தாண்டிப் போவார்கள், சொல்லாவிட்டால் உங்களுக்காக நிற்பார்கள். ஆட்டம் செத்துப்போவது அந்த நிற்பதில்தான். மூன்று வாரம் கழித்து வருபவர்களும் மன்னிப்புக் கட்டுரை எழுத வேண்டாம், ஒரு நல்ல பதிவு போட்டால் போதும்.

கேம் மாஸ்டரே காணாமல் போனால் பெரும்பாலும் ஆட்டம் முடிந்தது. ஆனால் குழு முடிய வேண்டியதில்லை. மிச்சம் இருப்பவர்களில் ஒருவர் வேறு ஒன்ஷாட் நடத்தலாம். பல நல்ல கேம் மாஸ்டர்கள் இப்படி வேறு வழியில்லாமல் உட்கார்ந்தவர்கள்தான்.

கேம் மாஸ்டராக எவ்வளவு தயாரிக்க வேண்டும்?

நினைப்பதில் கால்வாசி. அடுத்த செஷனில் வரக்கூடிய மூன்று இடம், நான்கு ஆட்கள், அந்த ஆட்களில் ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்பது. முடிவைத் தயாரிக்கக் கூடாது. கதவு ஒன்று வைத்து அதைத் திறக்க ஒரே வழி வைத்தால், ஆட்டக்காரர்கள் அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்வார்கள். ஒரு துப்பு கதைக்கு அவசியம் என்றால் அதை மூன்று இடத்தில் போடுங்கள்.

பேர்ப் பட்டியல் ஒன்று கையில் இருக்கட்டும். யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் "அந்தப் படகுக்காரர் பெயர் என்ன?" என்று கேட்பார்கள், நீங்கள் திணறுவதைப் பார்த்ததும் படகுக்காரர் முக்கியமில்லை என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

மட் இன்னும் உயிரோடு இருக்கிறதா?

இருக்கிறது, முப்பது வருடம் தாண்டி ஓடுபவையும் உண்டு. மட்லெட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, சர்வர் முகவரியும் போர்ட் எண்ணும் கொடுத்தால் உள்ளே போய்விடலாம். அறை வர்ணனை வரும், நீங்கள் கட்டளை அடிப்பீர்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் திரைவாசிப்பான் கொண்டு கண் தெரிந்தவர்களோடு சமமாக ஆடும் மிகச் சில கேம் வகைகளில் இதுவும் ஒன்று. அந்தச் சமூகங்களில் அவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

நுழைந்ததும் உதவிப் பக்கத்தைப் படியுங்கள், புதியவர்களுக்கான சேனலில் வணக்கம் சொல்லுங்கள். சில மட்களில் அரக்கன் கொன்று லெவல் ஏறுவதுதான் ஆட்டம். சிலவற்றில் கேரக்டராக இல்லாமல் ஒரு வார்த்தை பேசினாலே கண்டிப்பார்கள். பார்ட்டில் 1996-இல் ஆட்டக்காரர்களைச் சாதிப்பவர், தேடித் திரிபவர், பழக வருபவர், அடுத்தவரைத் தாக்க வருபவர் என்று நான்காகப் பிரித்தார். நீங்கள் எதில் என்று தெரிந்தால் தேர்ந்தெடுப்பது சுலபம். ஒரு எச்சரிக்கை: மட்கள் பயன்படுத்தும் டெல்நெட் என்ற பழைய இணைப்பு முறைக்கு மறையாக்கம் கிடையாது. வேறு எங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை வையுங்கள்.

சங்கடமான காட்சி வந்துவிட்டால் என்ன செய்வது?

வருவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் கூடிப் பேசுவதற்கு செஷன் ஜீரோ என்று பெயர். கதை எவ்வளவு கொடூரமாகப் போகலாம், எது வரவே கூடாது, எது வந்தாலும் திரைக்குப் பின்னால் நடக்க வேண்டும் என்று அங்கே முடிவு செய்வார்கள். காரணம் யாரும் கேட்கக் கூடாது. "சிலந்தி வேண்டாம்" என்றால் சிலந்தி வேண்டாம்.

ஆட்டத்தின் நடுவில் என்றால் எக்ஸ் கார்டு. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கியது. மேசையில் எக்ஸ் எழுதிய அட்டையைத் தொட்டால் அந்த விஷயம் அப்போதே விலக்கப்படும். ஆன்லைனில் சாட்டில் ஒரு எக்ஸ் அடித்தால் போதும். கேம் மாஸ்டருக்குத் தனிச்செய்தியாகவும் அனுப்பலாம்.

வெறும் எழுத்துதானே, இதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. 1993-இல் லாம்டாமூவில் ஒருவன், மற்றவர்களின் கேரக்டர்கள் செய்யாததையும் செய்ததாகத் திரையில் காட்டும் ஒரு நிரலைப் பயன்படுத்தி, எல்லோர் முன்னும் அவர்கள்மேல் பாலியல் வன்முறையை எழுதினான். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் பாதிக்கப்பட்டவர்களின் கோபமும் அழுகையும் நிஜம். அந்தச் சமூகம் நாள்கணக்கில் விவாதித்தது, கடைசியில் அவன் கணக்கு நீக்கப்பட்டது, அதன் பிறகு உறுப்பினர்கள் மனுப்போட்டு வாக்களிக்கும் முறையும் வந்தது. மற்றவரின் கேரக்டரை அசைக்காதே என்று மேலே சொன்ன விதியின் மறுபக்கம் இதுதான்.

"என் கேரக்டர் அப்படித்தான்" என்று சொல்லித் தோழர்களிடமே திருடுகிறார் ஒருவர். என்ன செய்வது?

அந்தக் கேரக்டரை உருவாக்கியவர் அவர்தானே? வேறு மாதிரி உருவாக்கியிருக்கலாம். கேரக்டருக்குள் வைத்துத் தண்டிக்கப் பார்க்காதீர்கள், அது சண்டையை வளர்க்கும். கேரக்டரைத் தள்ளி வைத்துவிட்டு, ஆட்டத்துக்கு வெளியே பேசும் சேனலில் மனிதராக மனிதரிடம் நேராகச் சொல்லுங்கள். அவருக்கு நிஜமாகவே தெரியாமலும் இருக்கலாம். எழுத்தில் சிரிப்பு தெரியாது. கேரக்டர் கடுமையாகத் திட்டும் காட்சிக்குப் பிறகு வெளிச் சேனலில் "சூப்பரா ஆடினீங்க" என்று ஒரு வரி போட்டுவிடுவது நல்ல பழக்கம்.

பதிவை ஏஐ கொண்டு எழுதலாமா?

குழுவிடம் கேட்காமல் வேண்டாம். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், வழவழப்பான மூன்று பத்தியைவிட எழுத்துப்பிழையோடு இருக்கும் இரண்டு வரி மேல், அதில் எழுதியவர் முந்தைய பதிவைப் படித்தது தெரியும். ஊர்ப் பெயர், கடையில் இருக்கும் பொருள்களின் பட்டியல் என்று கேம் மாஸ்டர் பின்னால் பயன்படுத்துவதில் பலருக்கு ஆட்சேபம் இல்லை, சிலருக்கு உண்டு.

பதினெட்டு வயது ஆகாதவர்கள் சேரலாமா?

டிஸ்கார்டுக்குக் குறைந்தது 13 வயது, சில நாடுகளில் அதற்கும் மேல். பல குழுக்கள் பெரியவர்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கும். பொய் சொல்லி நுழைய வேண்டாம். எந்த வயதானாலும் உண்மைப் பெயர், முகவரி, படிக்கும் இடம், வேலை பார்க்கும் இடம் எதுவும் தேவையில்லை. கேட்டு நச்சரிக்கும் ஆள் இருந்தால் நிர்வாகியிடம் சொல்லிவிட்டு வெளியேறுங்கள்.

குழு கிடைக்கும்வரை தனியாகப் பழகலாமா?

பழகலாம். மேலே சொன்ன அயர்ன்ஸ்வோர்ன் தனியாக ஆடவும் எழுதப்பட்டதுதான். ஒரு ஆறுமுகப் பகடையோடு உங்கள் திறமையைக் கூட்டி, இரண்டு பத்துமுகப் பகடைகளோடு ஒப்பிட வேண்டும். இரண்டையும் தாண்டினால் வெற்றி, ஒன்றை மட்டும் தாண்டினால் பாதி, எதையும் தாண்டாவிட்டால் சிக்கல். சந்தேகம் வந்தால் அட்டவணையில் பகடை போட்டுக் கேட்கலாம். ஒவ்வொரு காட்சியையும் ஐந்தாறு வரியில் எழுதி வைத்துக்கொண்டே ஆடுங்கள். பிறகு ஏதாவது குழுவில் மாதிரிப் பதிவு கேட்டால் அதிலிருந்தே ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடலாம்.